இரண்டு சதவீதம் யாருக்குச் சேர வேண்டிய கடன்?

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறந்த ஜூன் மாதம். திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளியில் நூறு பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்திருந்தோம். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புதுப் பை. பையின் முதுகில் ஒரு நிறுவனத்தின் முத்திரை. பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகையைவிடப் பெரிய பேனர். போட்டோ எடுக்க வந்தவர், "பையைத் திருப்பிப் பிடிங்க, லோகோ தெரியணும்" என்றார். பிள்ளைகளும் திருப்பிப் பிடித்தார்கள்.

அந்தப் பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்தது நாங்கள்தான். இதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் சமூகப் பணி படித்தவர்கள், சமூகவியல் படித்தவர்கள். வடசென்னையில் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தபோது, எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதி சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வந்திருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்து பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் கிட்டே வந்தார். அவருடைய மகன் ஐ.டி.ஐ. முடித்தவர். "இந்தக் கம்பெனியில என் புள்ளைக்கு ஒரு வேலை கேட்டுச் சொல்ல முடியுமாம்மா? காண்ட்ராக்ட்டு வேணாம், அதுலதான் நாலு வருஷமா ஓடிட்டிருக்கான். பர்மனென்ட்டா" என்றார்.

"அதெல்லாம் எங்க கையில இல்லக்கா" என்றோம்.

"பை குடுக்கறது மட்டும் உங்க கையில இருக்குதா?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் எங்களிடம் இல்லை. அந்த ஆண்டு திட்ட அறிக்கையில், "இப்பகுதி மக்கள் இரவில் வரும் ரசாயன நாற்றத்தை முக்கியப் பிரச்சினையாகக் கூறினர்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். நிதி கொடுத்த இடத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டோம். பைகளின் எண்ணிக்கை அறிக்கையில் இருந்தது, நாற்றம் இல்லை.

சி.எஸ்.ஆர். என்கிற கார்ப்பரேட் சமூகப் பொறுப்பைப் பற்றி வகுப்பறைகளில் ஒரு கதை சொல்லித்தரப்படுகிறது. முதலில் முதலாளிகள் தானம் செய்தார்கள், பிறகு தாமாகவே பொறுப்பை உணர்ந்தார்கள், கடைசியில் இந்தியா அதைச் சட்டமாக்கிக் கட்டாயமாக்கியது, எனவே தானம் கடமையாகிவிட்டது என்பது அந்தக் கதை. கதையில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. கடமை என்றால் யாருக்குச் செய்யும் கடமை? அது தவறினால் யார் போய்க் கேட்கலாம்? இந்த இரண்டு கேள்விகளை வடசென்னையில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

தானம் செய்த ஆலைகள்

வடசென்னைக்கு இது புதிய கதை அல்ல. பெரம்பூர் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளை, அதாவது நம் தாத்தாக்கள் 'பின்னி மில்' என்று சொன்ன ஆலைகளை, எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் நலத்தில் முன்மாதிரி என்று வெள்ளைக்கார முதலாளிகள் பெருமை பேசிய இடம் அது. ஆலைப் பள்ளி இருந்தது, தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. இன்றைய மொழியில் சொன்னால் நல்ல சி.எஸ்.ஆர்.

அதே தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று அது. பள்ளி நடத்திய நிர்வாகம் சங்கத்தை ஏற்கவில்லை. சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பதே குற்றம்போல் ஆன அந்த வழக்குதான் நாடு முழுவதும் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்ற குரலை எழுப்பியது. 1926-ல் சட்டம் வந்தது.

பள்ளியை ஆலை தானாகக் கொடுத்தது. சங்க உரிமையைத் தொழிலாளர்கள் போராடி வாங்கினார்கள். ஆலை நினைத்தால் பள்ளியை மூடலாம், சங்க உரிமையை அப்படி மூட முடியாது.

இந்த வரலாற்றில் நமக்கென்று ஒரு தனிப் பக்கமும் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. நிர்வாகத்தின் தயவை நம்பியும் இருக்க முடியவில்லை, சங்கத்துக்குள் சம மரியாதையும் இல்லை என்ற நிலையில் நம்மவர்கள் நடுவில் சிக்கினார்கள். 'தொழிலாளர் நலம்' என்று பொதுவாகச் சொல்லும்போது, அதற்குள் சேரி எங்கே இருக்கிறது என்று நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணல் வழி

செல்வந்தர்கள் தங்கள் சொத்தை ஏழைகளுக்கான அறங்காவலர்களாக வைத்திருக்க வேண்டும் என்றார் காந்தி. இந்திய சி.எஸ்.ஆர். பாடப்புத்தகங்கள் அனேகமாக அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இந்த அறங்காவலர் கொள்கையை அம்பேத்கர் 1945-ல் வெளியான காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் கடுமையாக விமர்சித்தார். உடைமையாளரின் மனசாட்சியை நம்பி உடைமையற்றவர் வாழ வேண்டும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

அவர் விமர்சனத்தோடு நின்றுவிடவில்லை என்பது பாடப்புத்தகங்களில் வருவதில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் மைக்கா சுரங்கத் தொழிலாளர்களுக்கும் சட்டப்படியான நல நிதிகள் உருவாகின. 1946-ன் மைக்கா சுரங்கத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் அப்படி வந்தது. ஏற்றுமதியாகும் மைக்கா மீது ஒரு தீர்வை போட வேண்டும், அந்தப் பணம் தொழிலாளர்களின் மருத்துவம், குடிநீர், வீடு, கல்விக்குப் போக வேண்டும். அதை வழிநடத்தும் ஆலோசனைக் குழுவில் சுரங்க முதலாளிகளின் பிரதிநிதிகள் எத்தனை பேரோ, தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் அத்தனை பேர் இருக்க வேண்டும்.

தொழில் நடத்துகிறவர் சமூகத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் 2013-ல் பிறந்ததல்ல. அண்ணல் காலத்திலேயே அது சட்டமாகியிருக்கிறது. பணத்தோடு ஒரு நாற்காலியும் சேர்ந்து வந்தது. இந்த நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2013: சட்டம் வந்தது

2009 டிசம்பரில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் சி.எஸ்.ஆருக்கான 'தன்னார்வ' வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதே டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. மதிப்பெண் 70-ஐத் தாண்டினால் அது மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. நம் மணலி 76.32 வாங்கியிருந்தது. பொறுப்பு விருப்பத்தைப் பொறுத்தது என்று ஒரு தாள் சொன்னது. விருப்பத்துக்கு விட்டதன் விளைவை இன்னொரு தாள் காட்டியது.

பிறகு கம்பெனிகள் சட்டம், 2013 வந்தது. அதன் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பதை ஏழாம் அட்டவணை பட்டியலிடுகிறது.

தொடக்கத்தில் செலவிடாவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரி 22 முதல் அதுவும் மாறியது. தொடர் திட்டங்களுக்கான மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். மற்ற மீதியை ஏழாம் அட்டவணையில் உள்ள நிதி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். தவறினால் மாற்ற வேண்டிய தொகையைப்போல் இரு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது அபராதம். 2014-15-ல் நாடு முழுவதும் சுமார் 10,000 கோடியாக இருந்த சி.எஸ்.ஆர். செலவு, 2022-23-ல் 30,000 கோடியை நெருங்கியது.

இது சின்ன விஷயமில்லை. லாபம் முழுவதும் பங்குதாரருக்கே என்றிருந்த இடத்தில், அதில் ஒரு பங்கு சமூகத்துக்கு என்று சட்டம் சொல்லியிருக்கிறது. இதை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

கொடுக்க வேண்டியவர் உண்டு, கேட்கக் கூடியவர் இல்லை

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன், செய்தே ஆக வேண்டிய கடமையும் கடன். எப்படிப் பார்த்தாலும் கடனுக்கு இரண்டு முனை வேண்டும். கொடுக்க வேண்டியவர் ஒரு முனையில், கேட்டு வாங்கும் உரிமை உள்ளவர் மறுமுனையில்.

135-வது பிரிவு முதல் முனையை மட்டும்தான் கட்டியிருக்கிறது. எங்கே, எதற்குச் செலவிடுவது என்று பரிந்துரைப்பது சி.எஸ்.ஆர். குழு. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் நிறுவனத்தின் இயக்குநர்கள். முடிவெடுப்பது இயக்குநர் குழு. தவறினால் அபராதம் அரசுக்குப் போகும். எண்ணூர் காட்டுக்குப்பத்தில் வாழும் ஒருவர், "எங்கள் ஊருக்குச் சேர வேண்டியது வரவில்லை" என்று கேட்க இந்தச் சட்டத்தில் ஒரு வாசல்கூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் 'பயனாளி'. வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வராவிட்டால் கேட்க முடியாது.

'நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும்' என்று 135-வது பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. படிக்கும்போது நமக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று 2021 ஆகஸ்டில் அமைச்சகமே விளக்கம் கொடுத்துவிட்டது. கொரோனா காலத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் அது சி.எஸ்.ஆர். கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று 2020-ல் சொன்னார்கள். மணலியில் ஈட்டிய லாபத்தின் பங்கு டெல்லிக்குப் போக வழி இருந்தது, கோட்டைக்கு வர வழி இல்லை.

பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சான்று. குஜராத்தில் எழுப்பிய சர்தார் படேல் சிலைக்கு ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். கணக்கில் 146.83 கோடி ரூபாய் கொடுத்ததை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2018-ல் கேள்விக்குள்ளாக்கினார். தணிக்கையாளர் கேட்டார். எண்ணெய்க் குழாய்களுக்கும் கிடங்குகளுக்கும் பக்கத்தில் வாழும் மக்கள் கேட்க முடிந்ததா?

அண்ணல் காலத்துச் சட்டத்தில் இருந்த நாற்காலி இங்கே காணாமல் போயிருக்கிறது. 1946-ல் தொழிலாளி குழுவில் உட்கார்ந்தார். 2013-ல் நாம் பேனருக்குக் கீழே நிற்கிறோம்.

எண்ணெயும் அமோனியாவும்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெளியேறியதுதான் அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. வீட்டுச் சுவர்களில், படகுகளில், வலைகளில், அலையாத்தி மர வேர்களில் கறுப்பு படிந்தது. ஊர்க்காரர்கள் பக்கெட்டிலும் கையிலும் எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்தான். ஏழு ஆண்டுகளில் மாறாத தொழில்நுட்பம் அது ஒன்றுதான்.

அந்த டிசம்பரே முடியவில்லை. 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் விதிக்கலாம் என்று பரிந்துரை வந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். கசிவுக்குப் பிறகு மருத்துவ முகாம் வரும், அரிசி மூட்டை வரும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வரும். எந்தப் பெயரில் வருகிறது என்று பாருங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது 1996-ல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கோட்பாடு. 2010-ன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதை எழுத்தில் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரே மனு போடலாம். அது நமக்குச் சேர வேண்டிய கடன், இரண்டு முனையும் உள்ள கடன்.

சி.எஸ்.ஆர். விதிகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. வேறு எந்தச் சட்டத்தின்படியாவது செய்தே ஆக வேண்டியதைச் செய்துவிட்டு அதை சி.எஸ்.ஆர். என்று கணக்குக் காட்டக் கூடாது. கழிவைச் சுத்திகரிப்பது சி.எஸ்.ஆர். அல்ல, கசிந்த எண்ணெயை அள்ளுவதும் அல்ல. பாதித்தவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அதன்மேல் லோகோ ஒட்டினால், நம் உரிமையைத் தானமாக மாற்றுகிறார்கள் என்று பொருள்.

இழப்பீட்டுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்கு மாநில அரசு அறிவித்த 8.68 கோடி ரூபாய் நிவாரணத்தில் 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று இருந்தது. படகு இருந்தால் எண்ணுவது எளிது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிறவருக்கும், ஆலைக் காண்ட்ராக்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கும் இழப்பைக் காட்டத் தாள் இல்லை. ஒவ்வொரு பேரிடரிலும் பட்டியலைக் கையில் வாங்கி, யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள், யார் பெயர் இல்லை என்று பார்ப்பது நம் வேலை.

அறிக்கையில் இல்லாத கட்டம்

சி.எஸ்.ஆர். ஆண்டறிக்கையில் திட்டத்தின் பெயர் இருக்கும், மாவட்டம் இருக்கும், தொகை இருக்கும், நடைமுறைப்படுத்திய நிறுவனத்தின் பதிவு எண்கூட இருக்கும். சாதிக்கு ஒரு கட்டம் இருக்காது. 'சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் நடவடிக்கைகள்' என்று ஏழாம் அட்டவணையில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் எவ்வளவு பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று அறிக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டினோம் என்று எழுதுவார்கள். தொட்டி ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பது எழுதாமல் போகும். தமிழ்நாட்டில் வாழும் யாருக்கும் அந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

வேலைவாய்ப்பு விஷயம் இன்னும் மோசம். 2002 ஜனவரியில் போபால் மாநாட்டுப் பிரகடனம் தனியார் துறையிலும் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டது. 2006 ஏப்ரலில் பிரதமர் மன்மோகன் சிங், சி.ஐ.ஐ. கூட்டத்தில் தொழிலதிபர்களிடம் இதைத் தாமாக முன்வந்து செய்யச் சொன்னார். சி.ஐ.ஐ.யும் அசோசெமும் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு அமைத்தன. சட்டம் வேண்டாம், விருப்பத்துக்கு விடுங்கள் என்பதுதான் அந்தக் குழுவின் பதில்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் கொடுப்பது 2009-ல் விருப்பமாக இருந்து 2013-ல் சட்டமாகிவிட்டது. வேலை கொடுப்பது 2006-ல் விருப்பமாக இருந்தது, இன்றும் விருப்பம்தான். லாபத்தில் 2 சதவீதத்தை வெளியே கொடுக்கச் சம்மதித்தவர்கள், வாசலுக்கு உள்ளே நமக்குச் சமமான ஓர் இருக்கை தரச் சம்மதிக்கவில்லை. அன்று அந்த அக்கா கேட்டது இதைத்தான். நாங்கள் படித்த முதுகலைப் பாடத்தைவிட அவருடைய கேள்வி தெளிவாக இருந்தது.

கம்பெனிகள் சட்டம் வந்த அதே 2013-ல், கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. சி.எஸ்.ஆர். பிரிவு நடைமுறைக்கு வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. 2023 அக்டோபர் 20-ல் அந்த இழப்பீடு 30 லட்சமாக உயர்ந்தது. சஃபாய் கரம்சாரி அந்தோலன் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து சேகரித்த சான்றுகளும் நடத்திய வழக்கும் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருக்கின்றன. இன்றும் அந்தப் பணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கணவனை இழந்த பெண் அங்கே பயனாளி அல்ல, உரிமையாளர். கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம், போட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆலைகளின் கழிவுத் தொட்டிகளிலும் இறங்குவது நம்மவர்கள்தான். ஒரு நிறுவனம் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தால் வாழ்த்துவோம். கூடவே, அந்த நிறுவனத்தின் சொந்தக் கழிவுத் தொட்டியில் யார், எந்தக் காண்ட்ராக்டரின் கீழ், என்ன பாதுகாப்போடு இறங்குகிறார் என்றும் கேட்போம். கழிப்பறைக்கு அறிக்கையில் ஒரு பக்கம் கிடைக்கும். தொட்டியில் இறங்குகிறவருக்கு அடையாள அட்டைகூட இருக்காது.

அப்படியானால் வேண்டாம் என்கிறோமா?

இல்லை. ராயபுரத்தில் ஒரு மாலை நேரப் படிப்பு மையம், அத்திப்பட்டில் ஒரு நூலகம், டயாலிசிஸ் கருவி ஒன்று என எதையும் மறுக்கும் வசதி நம் மக்களுக்கு இல்லை. சி.எஸ்.ஆர். பணத்தில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அவர்களின் சான்றிதழை நாங்கள் கொச்சைப்படுத்த மாட்டோம். பெருநிறுவனப் பணத்தைத் தொட்டாலே தீட்டு என்று பேசும் தோழர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. தீட்டு என்ற சொல்லே நமக்கு ஆகாது.

எங்கள் வாதம் இவ்வளவுதான். வாங்குங்கள், தலைகுனிந்து வாங்காதீர்கள். இந்த மண்ணின் காற்றையும் தண்ணீரையும் உடலுழைப்பையும் எடுத்துக்கொண்டு ஈட்டிய லாபத்தின் பங்கு அது. அதை வாங்கிய நன்றிக்காக வேறு எந்தக் கேள்வியையும் கைவிட வேண்டியதில்லை. நாங்கள் ஒரு முறை கைவிட்டோம். நாற்றம் என்ற வரியை எடுத்துவிட்டுக் கொடுத்த அந்த அறிக்கை இன்னும் உறுத்துகிறது.

இளம் தோழர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கைக் கையில் எடுங்கள். சி.எஸ்.ஆர். குழுவில் இருப்பவர்கள் யார், கொள்கை என்ன, ஒப்புதலான திட்டங்கள் எவை என்பதை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். தளத்திலும் நிறுவனவாரியாகத் தேடலாம். சி.பி.சி.எல்., மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், காமராஜர் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்கலாம். பத்து ரூபாய் மனுதான். எந்தத் தெரு, எத்தனை குடும்பம், அதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் எத்தனை என்று கேளுங்கள். "அந்தத் தகவல் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதுவே நமக்கு ஓர் ஆதாரம்.

இரண்டாவது, மனுக்களைக் கலக்காதீர்கள். கசிவுக்கு இழப்பீடு கேட்கும் மனுவில் சமுதாயக் கூடம் கேட்காதீர்கள். கேட்டால், கூடத்தைக் கட்டிவிட்டுக் கசிவை மறக்கடிப்பார்கள். இழப்பீடு தனி, மாசைத் தடுப்பது தனி, வேலை தனி, சி.எஸ்.ஆர். தனி.

மூன்றாவது, புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் தவறாமல் போய்ப் பேசுங்கள். கருத்துக்கேட்பில் எழும் கோரிக்கைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொள்வதைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 செப்டம்பர் 30 குறிப்பாணை சொல்கிறது. அங்கே பதிவாகும் வாக்குறுதி அனுமதியின் நிபந்தனையாக மாறும். அதை மீறினால் கேட்க ஒரு வாசல் உண்டு.

நான்காவது, ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலும், மாநகராட்சியாக இருந்தால் பகுதி சபையிலும் தீர்மானம் போடுங்கள். 'எங்கள் பகுதிக்கான சி.எஸ்.ஆர். திட்டங்களைத் தேர்வு செய்யும்போது சேரி, குப்பம், இருளர் குடியிருப்புப் பிரதிநிதிகளோடு கலந்து முடிவெடுக்க வேண்டும்' என்று எழுதுங்கள். சட்டம் இன்று அதைக் கட்டாயமாக்கவில்லை. 1918-ல் சங்கம் வைக்கவும் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. முதலில் கேட்டார்கள், பிறகு சட்டம் வந்தது.

கடைசியாக, எங்களைப்போல் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கப் போகும் சமூகப் பணி மாணவர்களுக்கு. சம்பளம் வேண்டும், அதில் வெட்கமில்லை. அறிக்கையில் மக்கள் சொன்ன வரியை எடுக்கச் சொன்னால், குறைந்தபட்சம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் பல நேரம் வரி பிழைத்துக்கொள்ளும்.

அந்த அக்காவை அதன்பிறகும் பார்க்கிறோம். மகன் இன்னும் காண்ட்ராக்ட்டில்தான் இருக்கிறார். போன முறை பார்த்தபோது, தகவல் அறியும் மனு ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கினோம். நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகள். படித்துக் காட்டச் சொன்னார். படித்தோம்.

"இது நம்ம கையில இருக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜெய் பீம்.